கோல் கீப்பரின் மாமி

உள்ளறையிலிருந்து குறட்டைச் சத்தம் வந்துகொண்டிருந்தது. வெறும் குறட்டை மட்டும்.

தேத்தண்ணிக் கோப்பைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்த றபீக்காவின் கை நின்றது. அவள் கணவர் பக்கீர் முகைதீன் நெஞ்சு இழுப்புக்காரர். பகல் சோற்றுக்குப் பிறகு சாய்ந்தால் குறட்டைக்கு நடுவே ஒரு விசிலும் கீச்சிடும். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவள் கேட்டுவந்த விசில். கொஞ்ச நாளாக அதைக் காணவில்லை. நோய் போனால் சந்தோசப்பட வேண்டியதுதானே? ஆனால் அது ஏன் போனது என்று தெரியாமல் சந்தோசப்பட றபீக்காவுக்கு வராது.

"உம்மா, தேத்தண்ணி ஆறுது," என்று குசினி வாசலில் வந்து நின்று கிசுகிசுத்தாள் மகள் அஸ்னா. "லோயர் வந்து எவ்வளவு நேரம்!"

"புள்ள, வாப்பாட இழுப்பு எங்க போன?"

"அல்லாஹ்வே! மச்சான்ட விளையாட்டே முடியப் போகுது. நீங்க குறட்டையில குறை தேடுறீங்க."

அஸ்னாவின் கண்கள் அழுது சிவந்திருந்தன. தட்டைப் பறிக்காத குறையாக வாங்கிக்கொண்டு ஹோலுக்குப் போனாள். றபீக்கா சேலைத் தலைப்பை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, குசினிக்கும் ஹோலுக்கும் இடையில் தொங்கிய திரைக்குப் பின்னால் வந்து நின்றாள். அதுதான் அவளுடைய இடம்.

சாய்ந்தமருதில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கைகளில் 'ஏன் றபீக்கா' என்றால்தான் ஆட்களுக்கு அவளைத் தெரியும். கடல் ஏன் உப்பு, அதற்குப் பக்கத்தில் தோண்டிய கிணறு ஏன் உப்பில்லை என்று ஓதப் போன இடத்தில் லெப்பையிடம் கேட்டு அடி வாங்கியவள் அவள். நிக்காஹ் அன்று சம்மதம் கேட்க வந்த வாப்பாவிடம், "ஓம் வாப்பா. ஆனா மாப்பிள்ள ஏன் இப்பிடி மூச்சு வாங்குறார்?" என்று கேட்டாளாம். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே அவளுடைய உம்மா கடைசிவரை சிரித்தாள். படிப்பு பாதியில் நின்றது. தையல் மெசினில் அபாயா தைத்துத் தைத்து மகளை ஆளாக்கினாள். ஆனால் அந்தக் கேள்வி கேட்கும் குணம் மட்டும் எந்த வயதிலும் அவளை விட்டுப் போகவில்லை.

ஒரே ஓர் ஆளின் முன்னால்தான் அவளுடைய 'ஏன்' வாய்மூடி நின்றது. அது அவள் மருமகன், அஸ்னா 'மச்சான்' என்று அழைக்கும் கணவன், முர்ஷித்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து வாழ்வார். அவரைக் கவனிக்கிற பொறுப்பு மாமியுடையது. ஆனால் மாமி அவர் முன்னால் வந்து நிற்க மாட்டாள். முகம் பார்த்துக் கதைக்க மாட்டாள். சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்லி அனுப்புவாள். இந்தக் காலத்தில் பல வீடுகளில் மாமியும் மருமகனும் ஒரே மேசையில் இருந்து சாப்பிடுகிறார்கள். றபீக்காவுக்கு அந்த வெட்கம் போகவில்லை. அவள் மருமகனைப் படித்ததெல்லாம் சாப்பாட்டுத் தட்டில்தான். திரும்பி வரும் தட்டில் எது மிஞ்சியிருக்கிறது, எது வழித்துச் சாப்பிடப்பட்டிருக்கிறது என்று பார்ப்பாள். முருங்கைக்காய் பிடிக்காது. மீன் தலை பிடிக்கும். வெறுத்த நாளிலும் சோற்றைக் கொட்ட மாட்டான். நல்ல பிள்ளை என்று அவளுக்கு அந்தத் தட்டுகள் சொல்லியிருந்தன.

முர்ஷித் மருதமுனைப் பொடியன். கொழும்பில் பெரிய கழகம் ஒன்றுக்குச் சம்பளத்துக்கு விளையாடும் கோல் கீப்பர். போட்டி இல்லாத நாட்களில் ஊருக்கு வருவான். நெடுநெடுவென்று வளர்ந்த ஒல்லி உடம்பு. அந்த ஒல்லிதான் எல்லாவற்றையும் கொண்டுவந்து சேர்த்தது.

ஒரு கலியாண வீட்டில், சஹன் என்ற பெரிய சோற்றுத் தட்டைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருந்த நேரம், பக்கத்து வீட்டு நஸீறா எல்லாருக்கும் கேட்கத்தக்கதாகச் சொன்னாள்: "றபீக்கா, உங்கட மருமகன் பந்தப் பிடிக்கிறாரா, பந்து அவரப் பிடிக்குதா? கோல் கம்பு மூண்டு எண்டு நினைச்சன், நடுவில நிண்டது உங்கட மருமகன்!"

பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். றபீக்காவும் சிரித்தாள். ஆனால் அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மருமகன் மெலிந்தால் யாருக்குக் குறை? பெண் வீட்டுக்குத்தானே! மாமியின் கைக்குத்தானே!

அதே நஸீறாதான் மருந்தும் சொன்னாள். கைத்தொலைபேசிக் குழு ஒன்றில் சத்துத் தூள் விற்கிறாள். கருஞ்சீரகம், அமுக்கிரா, பேரீச்சம்பழம், வேறொன்றும் இல்லை என்றாள். போத்தலின் மேலும் அப்படித்தான் எழுதியிருந்தது. கருஞ்சீரகம் என்ற பெயர் ஒன்றே றபீக்காவுக்குப் போதுமாக இருந்தது. மரணத்தைத் தவிர எல்லாவற்றுக்கும் மருந்து என்று சின்னதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் அல்லவா? எதற்கும் ஏன் என்று கேட்பவள், அந்தப் போத்தலிடம் கேட்கவில்லை.

தூளைப் பேரீச்சம்பழத்தோடும் எள்ளோடும் நெய்யோடும் பிசைந்து உருண்டை பிடித்தாள். பெரிய டின்னில் அடைத்துக் குசினியில் வைத்து, முர்ஷித் கொழும்புக்குப் போகும்போதெல்லாம் ஒரு சின்ன டின்னை நிரப்பி அஸ்னாவின் கையால் கொடுத்தனுப்பினாள். காலையில் ஒன்று தின்னச் சொன்னாள். சின்ன டின் வெறுமையாகவே திரும்பி வந்தது.

அடுத்த பெருநாளைக்கு முர்ஷித் வந்தபோது ஒழுங்கையே சொன்னது: "மாப்பிள்ளைக்கு முகம் வெச்சிட்டு!" கன்னம் பூரித்து முழுநிலவாக இருந்தது. திரையின் பின்னால் நின்ற றபீக்கா அல்ஹம்துலில்லாஹ் என்று நெஞ்சில் கை வைத்தாள். ஐயோ, அந்தத் தாய் நெஞ்சுக்கு என்ன தெரியும்!

பிறகு ஒரு போட்டி முடிந்த கையோடு சிறுநீர் சோதித்தார்கள். தடைசெய்த மருந்து இருப்பதாகச் செய்தி வந்தது. கழகம் அவனை மைதானத்துக்கு வர வேண்டாம் என்றது. அவன் ஊருக்கு வந்து அறைக்குள் கிடந்தான். தட்டுகள் முதல் தடவையாக அப்படியே திரும்பி வந்தன. வெளியே நஸீறா, "களவா ஊசி அடிச்சிரிக்காராம்" என்று ஒழுங்கை முழுக்கக் கதைத்துக்கொண்டிருந்தாள்.

இன்று வந்திருப்பவள் சுஜித்தா. காரைதீவில் பிறந்து கொழும்பில் விளையாட்டு வழக்குகள் பேசும் வழக்கறிஞர். ஊருக்கு வந்த இடத்தில் முர்ஷித்தைப் பார்க்க வந்திருந்தாள். ஹோலில் ஷோகேஸுக்கு முதுகு காட்டி இருந்தாள். கண்ணாடிக்குள்ளே ஒருமுறையும் பாவிக்காத டின்னர் செட், முர்ஷித்தின் வெற்றிக் கிண்ணங்கள், மினுங்கும் தங்க மூடி போட்ட போத்தல் ஒன்று, பிளாஸ்டிக் ரோசாப்பூ எல்லாம் வரிசையாக இருந்தன.

"முர்ஷித், திரும்பவும் சொல்லுறன்," என்ற சுஜித்தாவின் குரல் திரைக்குள் தெளிவாகக் கேட்டது. "உங்கட உடம்புக்குள்ள எப்பிடிப் போன எண்டு காட்டினால்தான் தண்டனையக் குறைக்கக் கேக்கலாம். 'எனக்குத் தெரியா' எண்டு நிண்டா ரெண்டு வருஷம். ரெண்டு வருஷம் மைதானத்தில இல்லாத கீப்பர யார் திரும்ப எடுப்பாங்க?"

"விளங்குது மிஸ். ஆனா எனக்குத் தெரியா. வீட்டுச் சாப்பாடுதான்."

"இது தசை வளர்க்கிற ஊசி மருந்து இல்ல. வேற சாதி ஸ்டீரொயிட். டொக்டர்மார் குளிசையா, மாத்திரையாக் குடுக்கிறது. மூட்டு வருத்தக்காரருக்கு, நெஞ்சு இழுப்புக்காரருக்கு. இழுப்பு டக்கெண்டு நிண்டிரும். பசி எடுக்கும். முகம் ஊதும். வீட்டில யாராவது இழுப்புக்கு மருந்து பாவிக்கிறாங்களா?"

திரைக்குப் பின்னால் றபீக்காவின் காது, தன்னையறியாமல், உள்ளறைப் பக்கம் திரும்பியது.

குறட்டை. விசில் இல்லாத குறட்டை.

அவளுடைய கால்கள் அவளைக் கேட்காமலே உள்ளறைக்கு ஓடின. கணவரின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"இஞ்ச, எழும்புங்க! மருமகன்ட உருண்டையத் திண்டீங்களா?"

பக்கீர் முகைதீன் கண்ணைக் கசக்கினார். "ஆர் சொன்ன? பூனை..."

"பூனைக்கு டின் திறக்கத் தெரியாது. திண்டீங்களா இல்லையா?"

"ஒண்டுதான் புள்ள. சுபஹுத் தொழப் பள்ளிக்குப் போகக்குள்ள. நெஞ்சுக்கு இதமா இரிக்கி."

"ஒவ்வொரு நாளுமா?"

"பள்ளிக்கு ஒவ்வொரு நாளும்தானே போற?"

றபீக்கா அவர் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். இந்த மனிசனுக்கும் கன்னம் பூரித்திருந்தது! ஒரே வீட்டில் இரண்டு நிலவுகள். மாதக்கணக்காகப் பார்த்தும் அவளுக்கு விளங்கவில்லையே! தேடிய விடை கிடைத்துவிட்டது. இப்படி ஒரு விடைக்காகவா தேடினாள்?

திரும்பத் திரைக்குப் பின்னால் வந்தபோது ஹோலில் குரல்கள் மாறியிருந்தன.

"உங்களோட அறையில இருந்த பொடியன் ஒருத்தர் சொன்னார்," என்றாள் சுஜித்தா. "ஊரிலிருந்து ஏதோ உருண்டை வரும், போட்டி நாளிலயும் தின்னுவார் எண்டு. அது என்ன?"

முர்ஷித் சட்டென்று குரலை உயர்த்தினான்.

"அது மாமி செய்யிற. அதில ஒண்டுமில்ல. அதப் பத்திக் கதைக்க வேணாம் மிஸ்."

"ஒண்டுமில்ல எண்டு எப்பிடித் தெரியும்? கேட்டீங்களா?"

"மாமிட கைச் சாப்பாட்டில என்ன இரிக்கி எண்டு ஒரு மருமகன் கேக்கிறதா? எங்கட ஊர உங்களுக்குத் தெரியும்தானே. ரெண்டு வருஷம் எண்டா ரெண்டு வருஷம். மாமிட பேர் கொழும்பில ஒரு மேசையிலயும் கிடக்கப்படாது. பேப்பர்ல வரப்படாது."

அவனுக்குச் சந்தேகம் இருந்திருக்கிறது! தெரிந்துகொண்டே, தன் பிழைப்பைக் கொண்டுபோய் மாமியின் மானத்துக்குக் காவல் வைத்திருக்கிறான்! றபீக்காவின் கண்கள் கலங்கின. பேசாமல் நின்றால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. ஒழுங்கையில் அவள் தலை நிமிர்ந்து நடக்கலாம். ஊர் 'ஊசிக்காரன்' என்று அவனைச் சொல்லும். அவளை ஒன்றும் சொல்லாது. அவள் செய்ய வேண்டியது நிற்பது மட்டும்தான், எப்போதும் நிற்கும் அதே இடத்தில்.

திரை விலகியது.

மாமி ஹோலின் நடுவில் வந்து நின்றதைக் கண்டு முர்ஷித் கதிரையிலிருந்து துள்ளி எழும்பினான். அஸ்னாவின் கையிலிருந்த தட்டு சரிந்து, கரண்டி நிலத்தில் விழுந்தது.

"உம்மா..!"

"நீ பேசாம இரி," என்றாள் றபீக்கா. மருமகனின் முகத்தை முதன்முதலாக நேருக்கு நேர் பார்த்தாள். தாடைக்குக் கீழே ஒரு பழைய தையல் தழும்பு இருந்தது. இரண்டு வருடமாக அவன் அவளுடைய வீட்டில்தான் வாழ்கிறான்; அது அவளுக்குத் தெரியாது.

"மருமகன், உருண்டை கைச்சதா?"

முர்ஷித் தலையைக் குனிந்தான். "கொஞ்சம் கைச்ச, மாமி."

"ஏன் கேக்கல்ல?"

"நீங்க திரைக்குப் பின்னால நிப்பீங்க. அஸ்னாட்டக் கேட்டா உங்களுக்கு மனசு நோகும் எண்டு..."

"நானும் ஏன் எண்டு கேக்கல்ல," என்றாள் றபீக்கா. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சுஜித்தாவின் பக்கம் திரும்பினாள். "நான்தான், மகள், உருண்டையில போட்ட. நஸீறா வித்த சத்துத் தூள். இவர் எங்கட வீட்டில மெலிஞ்சு போனார் எண்டு ஊர் சிரிச்ச. என்ட மனிசனும் களவாத் திண்டு, அவர்ர இழுப்பும் நிண்டு போய்ட்டு. நான் எழுதித் தாறன். என்னப் பிடிச்சு அடைக்கட்டும். இவர விளையாட விடச் சொல்லுங்க."

சுஜித்தா சிரிக்கவில்லை. எழும்பி றபீக்காவின் கையைப் பிடித்துத் தன் பக்கத்துக் கதிரையில் இருத்தினாள்.

"உங்கள ஒருத்தரும் அடைக்க மாட்டாங்க ராத்தா. ஆனா நீங்க சொன்னாப்போல இவர அப்பிடியே விடவும் மாட்டாங்க."

"ஏன்? இவருக்குத் தெரியாதே!"

"உடம்புக்குள்ள போறதுக்கு விளையாட்டுக்காரர்தான் பொறுப்பு. வீட்டு ஆக்கள் குடுத்தாலும் அப்பிடித்தான். அதுதான் சட்டம்."

"இது என்ன நீதி? அன்பாக் குடுத்தத எப்பிடிச் சந்தேகப்படுற?"

"ராத்தா, உண்மையாவே களவா மருந்தடிக்கிறவனுக்கும் வீட்டில ஒரு மாமி இருக்கா. 'மாமி தந்த' எண்டு சொன்னா விட்டிருவாங்க எண்டா, நாளைக்கு எல்லா அணிக்கும் ஒரு மாமி வேணும். மற்றப் பக்கத்து கோல்ல நிக்கிறவனுக்கும் நீதி வேணும்தானே? அவன் ஒண்டும் தின்னல்ல."

றபீக்கா யோசித்தாள். பதில் சரியாக இருந்தது. ஆனால் நெஞ்சு ஒத்துக்கொள்ளவில்லை.

"மாமி," என்றான் முர்ஷித். தலையை நிமிர்த்தி, முதன்முதலாக அவள் முகத்தைப் பார்த்துச் சொன்ன சொல். "பந்து எங்கட ஆள்ட காலில பட்டுத் திரும்பி உள்ளுக்குப் போனாலும் கோல் கோல்தான். கீப்பர்தான் போய் எடுத்துட்டு வரணும்."

"அப்ப காலக் குடுத்தவன்?"

"அவன் என்ட ஆள்தானே மாமி. அவன நான் என்ன சொல்லுற?"

அஸ்னா சுவரில் முகத்தைப் புதைத்து விம்மினாள். உள்ளறை வாசலில் பக்கீர் முகைதீன் சாரத்தை இறுக்கிக்கொண்டு, குற்றவாளியைப்போல நின்றார்.

"இப்ப வேலையப் பாப்பம்," என்றாள் சுஜித்தா. "அந்தத் தூளில மிச்சம் இரிக்கா?"

"திறந்த போத்தல் குசினியில இரிக்கி."

"திறந்தது பெரிசா உதவாது. நாங்களே கலந்த எண்டு சொல்லுவாங்க. இதோட ஒண்டாச் செஞ்ச, திறக்காத போத்தல் ஒண்டு இருந்திருந்தா... நஸீறாட்ட இப்ப போய் வாங்கினா வேற தடவையில செஞ்சதா இருக்கும். உசாரானா ஒளிச்சும் போடுவா."

றபீக்காவின் பார்வை சுஜித்தாவின் தலைக்கு மேலால் போய் ஷோகேஸில் முட்டியது. டின்னர் செட்டுக்குப் பக்கத்தில் தங்க மூடி மினுங்கியது.

"மகள்," என்றாள் தயங்கித் தயங்கி, "அந்த மூடி வடிவா இருந்த. ஒரே தரத்தில வாங்கினதில ஒண்ட ஷோகேஸில வெச்சிட்டன்."

சுஜித்தா திரும்பிப் பார்த்தாள். இவ்வளவு நேரமும் அதற்குத்தான் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள்! இப்போது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்கட அம்மாவும் இப்பிடித்தான் ராத்தா. திறந்தா அழகு போயிரும் எண்டு சென்ட் போத்தல் கூட அப்பிடியே கிடக்குது." பிறகு சடுதியாக முகம் மாறியது. "ஒருத்தரும் தொடாதீங்க."

ஷோகேஸில் இருந்தபடியே போத்தலைப் படம் பிடித்தாள். பிறகு குசினியிலிருந்ததைக் கொண்டுவந்து இரண்டின் அடியிலும் இருந்த தயாரிப்பு இலக்கங்களை ஒத்துப் பார்த்தாள். ஒன்றுதான். சோதனைக்காரர்களிடம் நேரே ஒப்படைக்க வேண்டும் என்று சொல்லி, சீல் கலையாமல் சுற்றி எடுத்துப் பையில் வைத்தாள்.

"தப்பிச்சிருவாரா?" என்று கேட்டாள் அஸ்னா.

"முழுசாத் தப்ப ஏலாது. கேட்டிருக்கலாம், கேக்கல்ல. அது இவர்ர பிழைதான். ஆனா களவில்ல எண்டு காட்டலாம். ரெண்டு வருஷம் மாசக் கணக்காக் குறைய இடமிருக்கு. ராத்தா, நீங்கதான் முன்னால வந்து சொல்லணும். உங்கட பேர் வரும்."

"வரட்டும்."

"நஸீறா ஊரெல்லாம் கதைப்பா."

"அவ இப்ப மட்டும் வாய மூடிட்டா இரிக்கா?" என்றாள் றபீக்கா. "அது சரி மகள், போத்தலுக்குள்ள பொய்யப் போட்டு அடைச்சவனுக்கு என்ன? இவருக்குத் தண்டனை, அவனுக்கு?"

சுஜித்தா பையின் சிப்பை இழுத்து மூடினாள். "அது விளையாட்டுச் சட்டத்துக்குள்ள வராது. வேற வழக்கு. முறைப்பாடு போடுவம். ஆனா அவன எப்பிடியும் பிடிப்பம் எண்டு நான் பொய் சொல்ல மாட்டன்." பக்கீர் முகைதீனைப் பார்த்து, ஒரு மூத்த சகோதரனை அழைப்பதுபோல், "காக்கா, உருண்டையத் திடீரெண்டு நிப்பாட்டினாலும் உடம்புக்குக் கூடாது. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் நடந்தத சொல்லுங்க," என்றாள்.

"பூனை திண்ட எண்டு சொல்லாதீங்க," என்றாள் றபீக்கா.

தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. றபீக்கா புதிதாக ஊற்றிக்கொண்டு வந்தாள். இம்முறை அஸ்னாவிடம் கொடுக்காமல் தானே கொண்டுவந்து மேசையில் வைத்தாள். சுஜித்தா குடித்தாள். முர்ஷித் கோப்பையைக் கையில் எடுத்து, வாயருகே கொண்டுபோய் நிறுத்தினான். அவன் காதுகள் வெட்கத்தால் சிவந்தன.

"மாமி, இதில என்ன போட்டிரிக்கீங்க?"

மருமகன் மாமியிடம் கேட்கக் கூடாத கேள்வி அது. றபீக்காவின் கண்ணில் நீர் நிறைந்தது. ஆனாலும் அவள் சிரித்தாள்.

"தேயில. சீனி. இஞ்சி ஒரு துண்டு. வேறொண்டுமில்ல மருமகன்."

அவன் குடித்தான்.

சுஜித்தா பையைத் தோளில் போட்டுக்கொண்டு செருப்பை மாட்டினாள். வாசல்வரை றபீக்காவே போனாள். பக்கத்து வீட்டு மதிலுக்கு மேலால் நஸீறாவின் தலை எட்டிப் பார்த்தது.

"ஆரு றபீக்கா, விருந்தாளி? லோயரா? என்னத்துக்கு?"

"என்னத்துக்கு எண்டு நாளைக்கு நானே உங்கட வீட்ட வந்து சொல்லுறன்," என்றாள் றபீக்கா. "எனக்கும் உங்களிட்டக் கேக்க ஒண்டிரிக்கி."

நஸீறாவின் தலை மதிலுக்குக் கீழே போனது. சுஜித்தாவின் ஓட்டோ ஒழுங்கை மூலையில் திரும்பி, பிரதான வீதிப் பக்கம் மறைந்தது. அது மறையும்வரை பார்த்து நின்ற றபீக்கா, உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.